நெற்றிக்காசு

1

போன ஒரு வருஷமாக எனக்கு வெள்ளிக்கிழமை என்றால் வங்கிக்குப் போகிற நாள். பணம் போடவும் இல்லை, எடுக்கவும் இல்லை. காகிதத்தில் சுருட்டிய அரை டாலர் நாணயங்கள் வந்திருந்தால் வாங்கிவருவேன். அதை இங்கே ரோல் என்பார்கள். வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேசைமேல் பழைய பேப்பரை விரித்து, ரோல்களை உடைத்துக் கொட்டி, ஒவ்வொரு காசாகத் திருப்பிப் பார்ப்பேன். முடிப்பதற்குள் இரண்டு கையும் அடுப்புக்கரி அள்ளியதுபோல் கறுத்துவிடும். தேடியது இருக்காது. மறுபடி எல்லாவற்றையும் சுருட்டி, திங்கட்கிழமை கொண்டுபோய்த் திருப்பிக் கொடுப்பேன்.

கிளியனூரில் இருக்கிற என் தங்கையிடம் இதைப் போனில் சொன்னபோது அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"காசு குடுத்து காசு வாங்கறியா?"

"ஆமா."

"எதுனா கமிஷன் தர்றாங்களா?"

"இல்லடி."

"அப்ப எதுக்குக்கா இந்த வேல? டாக்டர்கிட்ட காட்டினியா?"

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. இந்த நாட்டில் இது ஒரு பொழுதுபோக்கு. வங்கியில் ரோல்களை வாங்கிப் பிரித்து, நடுவே மாட்டிக்கொண்டிருக்கும் பழைய வெள்ளிக் காசுக்காக அலசுகிற ஆட்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். என் வீட்டுக்காரர் கோதண்டமும் அதில் ஒருவர். எனக்கு அந்த ஆசையெல்லாம் கிடையாது. நான் தேடியது ஒரே ஒரு காசு. என் கையாலேயே வங்கியில் கொடுத்துவிட்டு, பிறகு என் மகனுக்காகத் தேட ஆரம்பித்த காசு.

என் வீட்டுக்காரருடைய முதல் வருஷத் திதியை மரக்காணத்தில் முடித்துவிட்டு இப்போதுதான் ஓஹையோ திரும்பியிருக்கிறேன். யாரிடமாவது சொல்லிவிட வேண்டும் போலிருக்கிறது. இங்கே சொல்ல ஆள் இல்லாததால் ஊரில் இருக்கிற உங்களுக்கு எழுதுகிறேன்.

2

மரக்காணத்தில் கோதண்டம் பிறந்த வீட்டைத் தாண்டித்தான் சுடுகாட்டுக்குப் போக வேண்டும். வீட்டுக்குப் பின்னால் உப்பளம், முன்னால் பிணம் போகிற பாதை. பறை அடித்துக்கொண்டு, பொரியும் காசும் இறைத்துக்கொண்டு ஊர்வலம் போகும். பின்னாலேயே பிள்ளைகள் ஓடிப் பொறுக்குவார்கள். அதில் ஒரு கணக்கு உண்டு. பேரன் பேத்தி எடுத்து வயதாகிச் செத்தவர்கள் சாவில் இறைத்த காசை வீட்டில் வைக்கலாம், நல்லது என்பார்கள். கல்லாப் பெட்டியில் போட்டு வைப்பவர்கள்கூட உண்டு. அகாலமாகப் போனவர்கள் காசைத் தொடக்கூடாது.

கோதண்டத்துக்கு அந்த வித்தியாசமெல்லாம் தெரியாது. எந்தச் சாவாக இருந்தாலும் பொறுக்கிக்கொண்டு வந்துவிடுவாராம். என் மாமியார் முதுகில் இரண்டு வைத்து, காசைப் பிடுங்கி உப்புப் பாத்தியில் வீசுவாராம்.

"இன்னிக்கும் அந்தப் பாத்தியத் தோண்டினா என் சொத்து கெடைக்கும்" என்பார்.

"எல்லாம் அலுமினியக் காசு. உப்புத் தண்ணியில அது என்னத்துக்கு ஆவும்?" என்பேன்.

அமெரிக்கா வந்து ரப்பர் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த பிறகு, கூட வேலை செய்த ஒருவர் இந்த ரோல் பைத்தியத்தைப் பிடிக்கவைத்தார். அதற்குப் பிறகு சனிக்கிழமை என்றால் எங்கள் சாப்பாட்டு மேசை எங்களுக்கு இல்லை. வாங்குகிற வங்கி ஒன்று, திருப்பிக் கொடுக்கிற வங்கி வேறு. அலசிக் கழித்த காசே மறுபடி தன் கைக்கு வந்து சேரக்கூடாதாம். அறுபத்து நான்காம் வருஷம் வரை வந்த அரை டாலரில் பெரும்பகுதி வெள்ளி. பிறகு வெள்ளியைக் குறைத்து, கடைசியில் எடுத்தே விட்டார்கள். புதியதில் ஓரத்தில் செம்புக் கோடு தெரியும், பழையதில் ஓரம் முழுக்க வெள்ளை. ரோலைப் பிரித்துப் படுக்க வைத்து ஓரத்தைப் பார்த்தாலே போதும்.

"உப்பளத்துக்காரனுக்கு வெள்ளையா எதுனா கண்ணுல பட்டா போதும்" என்று கிண்டல் செய்வேன். உள்ளுக்குள் எரிச்சல்தான். வாரத்துக்கு ஒருநாள் லீவு, அன்றைக்கும் இந்த மனிதர் அழுக்குக் காசோடு உட்கார்ந்திருக்கிறாரே என்று இருக்கும்.

ஒருநாள் அவர் எடுத்து வைத்திருந்த காசுகளைப் புளியும் உப்பும் போட்டுத் தேய்க்கலாம் என்று எடுத்தேன். குத்துவிளக்கு தேய்க்கிற கை சும்மா இருக்குமா? மனிதர் அலறிவிட்டார்.

"ஏய், ஏய்! வெய்யி கீழ! அழுக்கோட இருந்தாத்தான் அது காசு. தேச்சா செத்துடும்."

அருண் அப்போது சின்னப் பையன். எங்கள் ஒரே பிள்ளை. அவனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு அன்று பெரிய பாடமே நடத்தினார். பழைய கீறலில் அழுக்கு உட்கார்ந்திருக்கும், புதுக் கீறல் பளிச்சென்று இருக்கும், ஏமாற்றுகிறவன் அங்கேதான் மாட்டுவான் என்றெல்லாம் சொன்னார். நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். யாருக்கோ சொல்கிற பாடம், நமக்கு எதற்கு என்றுதான் நினைத்தேன்.

3

போன வருஷம் மார்ச் மாதம், பனிக்காலம் முடிகிற நேரத்தில் ஒரு பனி கொட்டியது. வாசலில் பனி அள்ளப் போனார். உப்பு அள்ளுகிற குடும்பத்தில் பிறந்தவர், பனி அள்ளும்போது விழுந்தார். ஆம்புலன்ஸ் வந்தபோதே முடிந்துவிட்டது. ஐம்பத்தெட்டு வயது. பேரன் பேத்தி பார்க்கவில்லை.

இங்கே சாவு நம் வீட்டில் நடப்பதில்லை. சவ அடக்க நிலையத்தில் நடக்கும். கோட்டுப் போட்ட ஒருவர் மெல்லிய குரலில் என்னிடம் ஏதேதோ கேட்டார். எனக்குப் பாதி காதில் ஏறவில்லை. கோதண்டத்தின் அண்ணன் முனுசாமி, என் மூத்தார், மரக்காணத்திலிருந்து வீடியோ காலில் இருந்தார். உப்பளத்தைக் குத்தகைக்கு எடுத்துப் பார்க்கிறவர். அவர்தான் ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தார். கால் கட்டைவிரலைக் கட்டச் சொன்னார், வாய்க்கரிசிக்கு அரிசி எடுத்துப் போகச் சொன்னார்.

"நெத்தியில சந்தனம் வெச்சி காசு ஒட்டணும்மா. ஒத்த ரூபா காசு இருக்குதா?"

டிராயரில் தேடினேன். ரூபாய்க் காசு இருந்தது. ஆனால் இப்போது வருகிற ரூபாய் சட்டைப் பித்தான் மாதிரி இருக்கிறது. அவருக்கோ நல்ல அகன்ற நெற்றி.

"சின்னதா இருக்குது மாமா."

"பெருசா எதுனா இருந்தா வையிம்மா. அவன்தான் மூட்ட மூட்டயா காசு சேத்து வெச்சானே."

அலமாரியைத் திறந்தேன். அவருடைய பெட்டியில் மேலாக ஒரு அரை டாலர் தனியாக ஒரு பிளாஸ்டிக் உறையில் இருந்தது. அகலமாக, கனமாக இருந்தது. எடுத்துக்கொண்டேன். எதையும் யோசிக்கவில்லை. சந்தனத்தைக் குழைத்து நெற்றியில் வைத்து அதன்மேல் ஒட்டினேன். உடம்பு ஜில்லென்று இருந்ததால் சந்தனம் சீக்கிரம் காயவில்லை. இரண்டு தடவை நழுவியது, மூன்றாவது தடவை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டே நின்றேன். அவரைத் தொட்டது அதுதான் கடைசி.

அருண் சியாட்டிலில் இருந்து வந்து சேர்ந்தான். அங்கே கம்ப்யூட்டர் வேலை. சவப்பெட்டி அருகே வந்தவன் அப்பாவின் முகத்தைப் பார்த்தான், நெற்றியைப் பார்த்தான். பிறகு என்னைக் கட்டிக்கொண்டு, எட்டு வயதுப் பிள்ளை அழுகிற மாதிரி அழுதான். பெரியவனான பிறகு அவன் என்னை அப்படிக் கட்டிக்கொண்டதே இல்லை. அப்பா போன துக்கம் என்று நினைத்தேன்.

4

சில நாள் கழித்து அஸ்தியை வாங்கிவரப் போனேன். ஒரு டப்பாவும், அதோடு ஒரு சின்னக் கவரும் கொடுத்தார்கள். கவரில் மோதிரமும் அந்தக் காசும் இருந்தன. தகனத்துக்கு முன் எடுத்துவிடுவார்களாம். காசின் எழுத்து இடுக்குகளில் சந்தனம் மஞ்சளாக ஒட்டியிருந்தது.

மூத்தாருக்குப் போன் போட்டேன். பதறிவிட்டார்.

"அத்த ஏம்மா வாங்கினு வந்த? அது வெட்டியானுக்குப் போய்ச் சேர வேண்டிய காசு. சின்ன வயசு சாவு வேற. வீட்டுக்குள்ள வெக்காத."

"இங்க வெட்டியான் எங்க மாமா இருக்கான்? மிஷின்தான் இருக்குது."

"யாருக்குனா குடுத்துடு. எங்கயிருந்து வந்துச்சோ அங்கயே போவட்டும்."

எங்கேயிருந்து வந்தது? வங்கியிலிருந்துதான் வந்தது. அவர் அலசி முடித்துத் திருப்பித் தர வைத்திருந்த ரோல்களும் வீட்டில் கிடந்தன. எப்படியும் இறப்புச் சான்றிதழோடு எங்கள் கணக்கு இருக்கிற வங்கிக்குப் போக வேண்டியிருந்தது. ஒரு ரோலைப் பிரித்து ஒரு காசை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் இதை வைத்துச் சுருட்டினேன். அவருடைய கடைசி ரோலை நான் திருப்பிக் கொடுக்கிறேன், முறையாகத்தான் செய்கிறேன் என்று மனசுக்கு ஒரு ஆறுதல்கூட இருந்தது.

வங்கியில் டெபி என்ற பெண் இருந்தாள். வயது என்னைவிடக் கொஞ்சம் கூட இருக்கும். கோதண்டத்தை நன்றாகத் தெரியும். எங்கே அவர் என்று கேட்டாள். 'மை ஹஸ்பண்ட் எக்ஸ்பயர்ட்' என்றேன். நம் ஊரில் எல்லாரும் அப்படித்தானே சொல்கிறோம். இங்கே பால் பாக்கெட்டுக்குத்தான் அந்த வார்த்தையாம். அவள் ஒரு நிமிஷம் என்னையே பார்த்துவிட்டு, புரிந்ததும் கவுண்ட்டரைச் சுற்றி வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

உள்ளே மேனேஜர் அறையில் வேறு கூத்து. என் கடைசிப் பெயர் கோதண்டம். அவருடைய முதற்பெயர் கோதண்டம், கடைசிப் பெயர் பெருமாள், அது என் மாமனார் பெயர். இரண்டு பேருக்கும் ஒரே குடும்பப் பெயர் இல்லையே, சட்டப்படி கல்யாணம் ஆனதா என்று அந்த இளைஞன் மரியாதையாகக் கேட்டான். முப்பது வருஷம் ஒருவருக்குச் சமைத்துப் போட்டுவிட்டு, அவர் என் புருஷன்தான் என்று ஒரு கண்ணாடி அறையில் நிரூபித்துக்கொண்டிருந்தேன். அந்த ஆத்திரத்தில், டெபி ரோல்களை வாங்கி உள்ளே வைத்ததைக்கூட நான் கவனிக்கவில்லை.

5

அந்த வார இறுதியில் அருணும் நானும் அஸ்தியை ஏரியில் கரைத்தோம். எதிர்க்கரை தெரியாத ஏரி. அதற்கும் யாரிடமோ போனில் அனுமதி கேட்டான். திரும்பி வரும்போது அவன்தான் காரை ஓட்டினான். வழியில் கேட்டான்.

"அம்மா, அந்தக் காசு திருப்பிக் குடுத்தாங்களா?"

"எந்தக் காசு?"

"அப்பா நெத்தியில வெச்சியே. சிக்ஸ்டி ஃபோர்."

அப்போதுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. அவன் ஒன்பது வயதில் பிரித்த முதல் ரோலில் அவனே கண்டெடுத்த வெள்ளி அது. காசில் இருக்கிற தலைவர் முகத்தில் காதுக்குப் பின்னால் யாரோ எந்தக் காலத்திலோ சின்னதாக ஒரு பெருக்கல் குறி கீறி வைத்திருந்தார்களாம். கீறல் விழுந்த காசுக்குச் சேகரிப்பவர்களிடம் மதிப்பு இல்லை. அவன் முகம் வாடியதைப் பார்த்து அப்பா, "யாருக்கும் வேணாண்டா, நமக்கு வேணும். நீ பெரியவனானா எடுத்துக்கோ" என்று தனி உறையில் போட்டு வைத்தாராம். இத்தனை வருஷமாக வீட்டுக்கு வரும்போதெல்லாம் அவன் கேட்பதும், 'இன்னும் நீ பெரியவனாவல' என்று அவர் சொல்வதும் அவர்களுக்குள் ஒரு விளையாட்டு. நான் அடுப்படியிலேயே இருந்துவிட்டேன்.

"பேங்க்ல குடுத்துட்டேன் கண்ணு. வீட்ல வெக்கக்கூடாதுன்னு பெரியப்பா சொன்னாரு."

அவன் காரை ஓரமாக நிறுத்தினான். கோபப்படுவான் என்று பார்த்தேன். கோபப்பட்டிருந்தால் நானும் இரண்டு வார்த்தை பேசியிருப்பேன்.

"நீ தெரிஞ்சுதான் வெச்சேன்னு நெனச்சேன்மா. எங்க ரெண்டு பேரோடது, அதனாலதான் அத்த எடுத்து வெச்சிருக்கேன்னு நெனச்சேன்" என்றான். அவ்வளவுதான். மறுபடி வண்டியை எடுத்தான்.

அன்று சவப்பெட்டிக்குப் பக்கத்தில் அவன் என்னைக் கட்டிக்கொண்டது எதற்கு என்று எனக்கு அப்போது புரிந்தது. அந்த அணைப்பை இப்போது அவன் திருப்பி வாங்கிக்கொண்டதும் புரிந்தது.

திங்கட்கிழமை வங்கி திறந்ததும் ஓடினேன். டெபி எல்லா டிராயரையும் பார்த்தாள். வெள்ளிக்கிழமையே காசுப் பைகளை வேன் வந்து எடுத்துப் போயிருந்தது. அது எங்கேயோ கலந்து, எங்கேயோ சுருட்டி, எந்த ஊர் வங்கிக்கு வேண்டுமானாலும் போகுமாம். எங்களுக்கேகூடத் திரும்பி வரலாம் என்றாள். அவள் அதை ஆறுதலுக்காகத்தான் சொன்னாள். நான் அதைப் பிடித்துக்கொண்டேன்.

அருண் போன் செய்வது குறைந்தது. சாப்பிட்டாயா, மருந்து போட்டாயா என்று கேட்பான். நான் ரோல் தேடுகிறேன் என்று சொன்னால் 'இட்ஸ் ஓகேம்மா, விட்டுடு' என்பான். தமிழ் குறைந்துகொண்டே வந்தது. தீபாவளிக்கு வரவில்லை. அவனுக்கென்று அங்கே வேலை இருக்கிறது, வாழ்க்கை இருக்கிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன். ஆனாலும் எனக்குத் தெரியும், அந்தக் காசு கிடைத்தால் அவன் வருவான்.

6

தேடத் தேட எனக்கும் கை பழகிவிட்டது. ஓரத்தைப் பார்த்தே செம்பு எது, வெள்ளி எது என்று சொல்லிவிடுவேன். இரண்டு தடவை வெள்ளிக் காசு அகப்பட்டது. அவர் இருந்திருந்தால் குதித்திருப்பார். நான் காதுக்குப் பின்னால் பார்த்தேன். ஒன்றும் இல்லை, திரும்ப ரோலிலேயே போட்டுவிட்டேன்.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த மேசையில் உட்கார்ந்தால் நான் தனியாக இல்லை. அவர் உட்கார்கிற நாற்காலியை எதிரே இழுத்துப் போட்டுக்கொள்வேன். 'பாத்தியா, இதுல ஒண்ணுமில்ல' என்று வாய்விட்டே சொல்வேன். அவர் இருந்தபோது இந்த மேசைப் பக்கம் வந்ததில்லை. போன பிறகுதான் சேர்ந்து உட்கார்ந்தோம்.

திதிக்காக இந்த மார்ச்சில் மரக்காணம் போனேன். சென்னையிலிருந்து ஈசிஆர் பஸ்ஸில் வந்து இறங்கினால் முன்பிருந்த புளியமரம் இல்லை, சாலை அகலமாகியிருக்கிறது. உப்பளம் மட்டும் அப்படியே இருக்கிறது. சீசன் தொடங்கி, பாத்திகளில் உப்பு பூத்திருந்தது. பெண்கள் விடியலிலேயே வந்து வாரிக் குவித்துவிட்டுப் போயிருந்தார்கள். அந்த வெயிலில் கறுப்புக் கண்ணாடி போடாமல் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. 'அமெரிக்காக்காரி' என்று மூத்தார் சிரித்தார். பிறகு வரப்பில் உட்கார்ந்து, ரோல் தேடுகிற கதையைச் சொன்னேன். கேட்கக் கேட்க அவர் முகம் மாறியது.

"இன்னாம்மா இது? படிச்ச பொண்ணுதானே நீ? நெத்திக்காச யாருனா தேடுவாங்களா?"

"அருணோட காசு மாமா அது."

"யாரோட காசா இருந்தா இன்னா? நெத்தியில வெச்சா அது போறவனோட காசு. போன காச தேடிக்கினு இருந்தா தம்பி எப்பிடிம்மா போவான்? அங்கயே, அந்த வீட்டையே சுத்திக்கினு இருப்பான்."

"சுத்தட்டுமே மாமா" என்றேன்.

நான் அதைச் சொல்லுவேன் என்று எனக்கே தெரியாது. வாயிலிருந்து வந்துவிட்டது. அவர் என்னைப் பார்த்தார். எழுபது வயது மனிதர். தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு பாத்திப் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு அழுகை அடங்க வெகுநேரம் ஆயிற்று. மகனுக்காகத் தேடுகிறேன் என்று வருஷம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன். முழுக்க அவனுக்காக இல்லை.

7

திதிக்கு முதல் நாள் அருண் வந்தான். வருவானா என்றே எனக்குச் சந்தேகம்தான். இளைத்திருந்தான். வேட்டி கட்டத் தெரியாமல் பெல்ட் போட்டுக்கொண்டு பெரியப்பா சொன்னதெல்லாம் செய்தான். பக்கத்து ஊரான அனுமந்தைக்குப் போய்க் கடலில் பிண்டம் கரைத்தான். அலை வந்து வேட்டியை இழுத்தபோது மூத்தார், "டேய், புடிடா, புடி! அப்பன் கூப்புடறான் பாரு" என்று கத்த, எல்லாரும் சிரித்துவிட்டோம். அவனும் சிரித்தான். ஒரு வருஷத்தில் அவன் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

சாயங்காலம் வெயில் தாழ்ந்த பிறகு, 'வாம்மா, நடக்கலாம்' என்று என்னை உப்பளத்துக்குக் கூட்டிப் போனான். குவித்து வைத்த உப்பின் மேல் கீற்று போட்டு மூடியிருந்தார்கள். வரப்பில் நின்று சட்டைப் பையில் கைவிட்டு ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தான்.

"கெடச்சிடுச்சும்மா."

எனக்கு முதலில் புரியவில்லை.

"நானும் தேடிக்கிட்டுதான் இருந்தேன். சியாட்டில்ல ஒரு பேங்க்ல. லாஸ்ட் மன்த். உன்கிட்ட நேர்ல குடுக்கணும்னு வெச்சிருந்தேன்."

உறையிலிருந்து எடுத்துக் கையில் வாங்கினேன். அறுபத்து நான்கு. ஓரம் முழுக்க வெள்ளை. திருப்பி வெளிச்சத்தில் பிடித்தேன். காதுக்குப் பின்னால் பெருக்கல் குறி இருந்தது.

பளிச்சென்று இருந்தது.

காசு முழுக்க அழுக்கேறி மங்கியிருக்க, அந்த இரண்டு கோடு மட்டும் அப்போதுதான் போட்டதுபோல் மின்னியது. விரலால் தடவினேன். கீறலின் ஓரம் இன்னும் மழுங்கவில்லை, தோலில் பிடித்தது. பழைய கீறலில் அழுக்கு உட்கார்ந்திருக்கும் என்று அவர் சொன்னது காதில் கேட்டது. ஒன்பது வயதுப் பிள்ளை அதை மறந்திருக்கலாம். மறக்காமலும் இருந்திருக்கலாம்.

அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்படிப் பயந்த கண்ணோடு அவன் மார்க் ஷீட் காட்டுகிற வயதில் நின்றிருக்கிறான். எங்கேயோ ஒரு கடையில் ஒரு வெள்ளிக் காசை விலைக்கு வாங்கி, ஏதோ ஒரு ஊசியை வைத்து, அம்மா தேடுவதை நிறுத்த வேண்டும் என்று கீறியிருக்கிறான். இது அது இல்லை என்று நான் சொல்லிவிட்டால், இன்னும் ஒரு வருஷம் இட்ஸ் ஓகேம்மாதான்.

"இதான்" என்றேன். "இதேதான் கண்ணு."

"ஷூரா?"

"நான்தானே அப்பா நெத்தியில அழுத்திப் புடிச்சிக்கினு நின்னேன்? எனக்குத் தெரியாதா?"

அவன் மூச்சை விட்டான். என்னைக் கட்டிக்கொண்டான். சவப்பெட்டிக்குப் பக்கத்தில் கட்டிக்கொண்டானே, அதேபோல். வீட்டில் வைக்கக் கூடாது, நீ வைத்துக்கொள், நீ பெரியவனாகிவிட்டாய் என்று அவன் பையிலேயே போட்டேன். அன்று வீடு திரும்பும் வரை பேசிக்கொண்டே வந்தான். அங்கே ஒரு பெண்ணைப் பிடித்திருக்கிறது, அவளுக்குத் தமிழ் தெரியாது, நான் கோபித்துக்கொள்வேனா என்று கேட்டான். அவன் அப்பாவின் நடை அவனுக்கு எப்போது வந்தது என்று நான் பார்த்துக்கொண்டே வந்தேன்.

வாசலில் மூத்தார் நின்றிருந்தார். அருண் உள்ளே போனதும் மெல்லக் கேட்டார்.

"இன்னாம்மா, கெடச்சிடுச்சாமே?"

"கெடச்சிடுச்சு மாமா."

"அப்ப இனிமே தேட மாட்டியே?"

"தேட முடியாது" என்றேன். தேடினால், நான் நம்பவில்லை என்று அவனுக்குத் தெரிந்துவிடும். அது நான் சொல்லாமலே அவருக்குப் புரிந்தது என்று நினைக்கிறேன்.

8

ஓஹையோ வந்து ஜெட்லாக் தீர்வதற்குள் வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. காலையில் டெபி போன் செய்தாள். யாரோ ஒரு பெரியவர் வீட்டைக் காலி செய்கிறாராம், அரை டாலர் ரோல்கள் ஒரு பை நிறையக் கொண்டுவந்து போட்டிருக்கிறாராம். எல்லாம் பழையது மாதிரி இருக்கிறது, உனக்காக எடுத்து வைத்திருக்கிறேன், எப்போது வருகிறாய் என்று கேட்டாள்.

அந்தப் பையில் அது இருந்தால்? காதுக்குப் பின்னால் அழுக்கேறிய கீறலோடு, இடுக்கில் கொஞ்சம் மஞ்சளோடு?

கிடைத்துவிட்டது டெபி, என் மகன் கண்டுபிடித்துவிட்டான் என்றேன். அந்தப் பக்கம் அவள் கத்தியது எனக்குக் கேட்டது. வங்கியில் இருந்த எல்லாரிடமும் சொன்னாள். யாரோ கைதட்டினார்கள். இனி வெள்ளிக்கிழமை உன்னைப் பார்க்க முடியாதே என்றாள். ஆமாம் என்று சொல்லிப் போனை வைத்தேன்.

பழக்கத்தில் விடிந்ததுமே மேசைமேல் பேப்பரை விரித்து, எதிரே அவர் நாற்காலியையும் இழுத்துப் போட்டிருந்தேன். நம் பக்கத்தில் சாவு வீட்டிலிருந்து கிளம்புகிறவர்கள் போய்விட்டு வருகிறேன் என்று சொல்ல மாட்டார்கள். சொல்லாமல்தான் போவார்கள். நானும் ஒன்றும் சொல்லவில்லை. பேப்பரை மடித்து வைத்தேன். நாற்காலியைப் பழைய இடத்தில் தள்ளினேன். அன்று முழுக்க என் கை சுத்தமாக இருந்தது.